தாயகப் பயணம் முதல் பென்சன் வரை: கடல் கடந்து வாழும் ஜப்பானியப் பெண்களின் கவலைகள்



ஜப்பான் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? வீதியில் ஓடும் வேன்களா, வீட்டு மூலையில் இருக்கும் தையல் மெஷினா, வாப்பா காலத்து ரேடியோவா? அந்த நாட்டின் சாமான்கள் உலகம் முழுவதும் போயிருப்பது நமக்குத் தெரியும். ஆனால் அந்த நாட்டு மனிதர்களும் ஊரையும் உறவையும் விட்டு உலகம் முழுவதும் போய் வாழ்கிறார்கள் என்பதை நாம் அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை.

இன்று வெளிநாடுகளில் வாழும் ஜப்பானியக் குடிமக்கள் சுமார் 13 இலட்சம் பேர். இவர்களில் 4 இலட்சத்துக்கும் அதிகமானோர் அமெரிக்காவில் இருக்கிறார்கள். சீனா, அவுஸ்திரேலியா, கனடா, தாய்லாந்து, இங்கிலாந்து, பிரேஸில் ஆகிய நாடுகளிலும் பெருந்தொகையினர் உள்ளனர். இன்னொரு விடயம் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். இந்த 13 இலட்சம் பேரில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம்!

முன்னைய காலத்தில் வறுமை காரணமாகப் போனார்கள். 1908ஆம் ஆண்டு 'கசாத்தோ மாரு' என்ற கப்பல் கோபே துறைமுகத்திலிருந்து 781 ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு பிரேஸிலின் சந்தோஸ் துறைமுகத்தை அடைந்தது. கோப்பித் தோட்டங்களில் வேலை செய்யப் போனவர்கள் அவர்கள். இப்போது போகிறவர்களின் கதை வேறு. கம்பனி அனுப்பும் கணவனுடன் நாலைந்து வருடத்துக்குப் போகும் மனைவிமார் ஒரு பகுதி. படிக்கவோ வேலை பார்க்கவோ போய், அந்த நாட்டவரையே மணமுடித்து அங்கேயே தங்கிவிடும் பெண்கள் இன்னொரு பகுதி.

இந்த இரு பகுதியினருக்கும் வரும் கவலைகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. பிள்ளையின் பிறப்புப் பதிவு, உம்மாவைப் பார்க்கப் போகும் பயணம், சொத்துக்குப் போடும் கையெழுத்து, வயதான காலத்தில் கைக்கு வரும் காசு. நம் வீட்டுக் கவலைகளைப் போன்றவைதான். அவற்றை அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்ப்போம், வாருங்கள்.

பெயர் எங்கே இருக்கிறது?

ஜப்பானில் ஒருவருக்கு இரண்டு பதிவுகள் உண்டு. ஒன்று 'கொசெகி' எனப்படும் குடும்பப் பதிவேடு. பிறப்பு, திருமணம், மரணம் எல்லாம் அதில் ஏறும். ஜப்பானியக் குடியுரிமைக்கு அதுவே ஆதாரம். மற்றையது வதிவிடப் பதிவு. எந்த நகரசபை எல்லைக்குள் குடியிருக்கிறாரோ அங்கே அது இருக்கும்.

ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் வெளிநாட்டில் தங்கப் போகிறவர் புறப்பட முன்னர் நகரசபைக்குச் சென்று அறிவிக்க வேண்டும். உடனே அவரது வதிவிடப் பதிவு நீக்கப்படும். குடும்பப் பதிவேடு மட்டும் அப்படியே இருக்கும். போன நாட்டில் 3 மாதத்துக்கு மேல் தங்குவதானால் அங்குள்ள ஜப்பானியத் தூதரகத்தில் தன் விலாசத்தைப் பதிய வேண்டும் என்பதும் சட்டம்.

வதிவிடப் பதிவு நீங்கினால் என்ன நடக்கும்? இலாபமும் உண்டு, நட்டமும் உண்டு. ஜனவரி 1ஆம் திகதி எந்த நகரில் பதிவு இருக்கிறதோ அந்த நகரம்தான் வதிவிட வரி கேட்கும். பதிவு இல்லையென்றால் அந்த வரி இல்லை. ஆனால் தேசிய சுகாதாரக் காப்புறுதியும் அத்துடன் போய்விடும். ஓய்வூதியத் திட்டத்தில் கட்டாயமாகச் சேர்ந்திருக்கும் நிலையும் முடிந்துவிடும். பதிவு செய்த முத்திரையும் செல்லாது. ஜப்பானில் காணி, வங்கி, வாரிசுரிமை போன்ற பெரிய காரியங்களுக்குக் கையெழுத்தைவிடப் பதிவு செய்த முத்திரைக்கே மதிப்பு என்பதை நினைவில் வையுங்கள். ஒரு சிறு படிவத்தை நிரப்பிக் கொடுத்ததில் எத்தனை கதவுகள் மூடுகின்றன, பார்த்தீர்களா?

உம்மா வீட்டுக்குப் போகும் பயணம்

தற்காலிகமாக ஊர் திரும்புவதை 'இச்சிஜி கிக்கொக்கு' என்பார்கள். ஆகஸ்ட் நடுப்பகுதியில் முன்னோரை நினைவுகூரும் நாட்களிலும் புதுவருடத்திலும் ஊர் போக எல்லோரும் விரும்புவார்கள். அதனால் அந்த நாட்களில் டிக்கட் விலையும் ஏறிவிடும். 2022இல் ரஷ்ய - உக்ரைன் யுத்தம் தொடங்கியபின் ஜப்பானிய விமானங்கள் ரஷ்ய வான்வழியைத் தவிர்க்கின்றன. முன்பு 12 மணித்தியாலத்தில் முடிந்த லண்டன் - டோக்கியோ பயணம் இப்போது 14 மணித்தியாலமாகிவிட்டது. கைக்குழந்தையுடன் போகும் தாய்க்கு அந்த இரண்டு மணித்தியாலம் எத்தகையது என்பதை உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

பிள்ளைகளைப் பொறுத்தவரை இந்தப் பயணத்தால் ஒரு பெரிய நன்மையும் உண்டு. அமெரிக்காவில் ஜூன் மாதத்திலேயே பாடசாலை விடுமுறை தொடங்கிவிடும். ஜப்பானிலோ ஜூலை 20ஆம் திகதி வரையில் பாடசாலை நடக்கும். இந்த இடைவெளியைத் தாய்மார் நன்றாகப் பயன்படுத்துகிறார்கள். பாட்டி வீட்டுக்கு அருகிலுள்ள பாடசாலையின் அதிபரிடம் பேசி, சில வாரங்களுக்குப் பிள்ளையை வகுப்பில் இருத்துவார்கள். சம்மதிப்பதும் மறுப்பதும் அந்தந்த ஊரையும் பாடசாலையையும் பொறுத்தது. ஆதலால் பல மாதங்களுக்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும். அந்தச் சில வாரங்களில் பிள்ளை தாய்மொழியில் சண்டை பிடிக்கவும் சிரிக்கவும் பழகிக்கொள்ளும். வகுப்பறையைக் கூட்டித் துடைப்பதையும், சக பிள்ளைகளுக்குப் பகலுணவு பரிமாறுவதையும் கற்றுக்கொள்ளும்.

கடைக்குப் போவதிலும் ஒரு சலுகை உண்டு. ஜப்பானில் பொருட்களுக்கு 10 வீத நுகர்வு வரி இருக்கிறது. உணவுப் பொருட்களுக்கு 8 வீதம். வெளிநாட்டில் 2 வருடத்துக்கு மேல் வாழும் ஜப்பானியர் தற்காலிகமாக வரும்போது இந்த வரி இல்லாமல் சாமான் வாங்கலாம். 2023 ஏப்ரல் முதல் இதற்குத் தூதரகத்தின் வதிவிடச் சான்றிதழோ, குடும்பப் பதிவேட்டின் இணைப்புப் பிரதியோ காட்ட வேண்டும். கடவுச்சீட்டில் நாட்டுக்குள் நுழைந்த முத்திரையும் இருக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விமான நிலையத்தில் தானியங்கி வாயிலால் விரைவாக வெளியேறிவிட்டால் முத்திரை விழாது. அதிகாரியிடம் கேட்டுக் குத்திக்கொள்ள வேண்டும். 2026 நவம்பர் முதல், முதலில் வரியுடன் பணம் செலுத்திப் பின்னர் விமான நிலையத்தில் வரியைத் திருப்பிப் பெறும் முறைக்குச் சட்டம் மாற்றப்பட்டிருக்கிறது.

சுகவீனம் வந்தால்தான் சங்கடம். வதிவிடப் பதிவு இல்லாதவருக்குக் காப்புறுதி இல்லை. வைத்தியசாலைக் கட்டணம் முழுவதையும் கையிலிருந்தே கொடுக்க வேண்டும். ஆகவே பயணக் காப்புறுதி எடுக்காமல் புறப்படக்கூடாது என்பது அனுபவசாலிகளின் அறிவுரை.

பிறந்த பிள்ளைக்கு மூன்று மாதம்

இனிச் சொல்லப் போவது வெளிநாட்டில் பிரசவிக்கும் ஒவ்வொரு ஜப்பானியத் தாயும் மனப்பாடம் செய்ய வேண்டிய சட்டம். வெளிநாட்டில் பிறந்து, பிறப்பாலேயே இன்னொரு நாட்டின் குடியுரிமையையும் பெறும் பிள்ளைக்கு, பிறந்து 3 மாதத்துக்குள் ஜப்பானியத் தூதரகத்திலோ ஜப்பானில் உள்ள நகரசபையிலோ பிறப்பை அறிவிக்க வேண்டும். அந்தப் படிவத்தில் ஜப்பானியக் குடியுரிமையையும் தக்கவைத்துக்கொள்வதாக ஒப்பமிட வேண்டும். தவறினால் அந்தப் பிள்ளை பிறந்த நாளிலிருந்தே ஜப்பானியக் குடியுரிமை இல்லாததாகக் கணிக்கப்படும்! 18 வயதுக்கு முன் ஜப்பானுக்கு வந்து குடியிருந்தால் மீண்டும் பெற வழி உண்டு. ஆனால் அது எவ்வளவு சிரமமான வழி! பிரசவக் களைப்பும், உதவிக்குத் தாய் அருகில் இல்லாத தவிப்பும் சேர்ந்திருக்கும் அந்த 3 மாதத்தில் நாட்கள் ஓடிவிடுவதே தெரியாது.

பெரியவர்களுக்கும் ஒரு சட்டம் உண்டு. தன் விருப்பத்தின் பேரில் வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெறும் ஜப்பானியர், அந்தக் கணமே ஜப்பானியக் குடியுரிமையை இழக்கிறார். இதனால்தான் 30, 40 வருடம் வெளிநாட்டில் வாழ்ந்தும் நிரந்தர வதிவிட உரிமையுடன் மட்டும் நின்றுவிடும் பெண்கள் ஏராளம்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். கணவனுடன் மனக்கசப்பு வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போவது பெண்களின் இயல்பு. ஜப்பான் 2014 ஏப்ரல் 1ஆம் திகதி முதல் ஹேக் உடன்படிக்கையில் இணைந்திருக்கிறது. அதன்படி, 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை மற்றைய பெற்றோரின் சம்மதமின்றி, அது வாழ்ந்த நாட்டிலிருந்து கொண்டுவந்துவிட்டால், திருப்பி அனுப்பும்படி கேட்க மற்றவருக்கு வழியுண்டு. சில நாடுகளில் இது குற்றமாகவும் கருதப்படும். ஆகவே பிள்ளையுடன் தனியே ஊர் செல்லும் தாய்மார், சாதாரண விடுமுறைப் பயணமானாலும், கணவனின் எழுத்து மூலச் சம்மதத்தைக் கையில் வைத்திருப்பது நல்லது.

பென்சன்: மனைவிமாரில் இரு வகை

இப்போது பென்சனுக்கு வருவோம். ஜப்பானில் குடியிருக்கும் 20 வயது முதல் 59 வயது வரையான அனைவரும் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் கட்டாயமாகச் சேர வேண்டும். இதை 'கொக்குமின் நென்கின்' என்பார்கள். கம்பனி ஊழியர்களுக்கு அதற்கு மேல் ஊழியர் ஓய்வூதியமும் உண்டு. 40 வருடம் முழுமையாகச் சந்தா கட்டியவருக்கு 65 வயதில் முழு அடிப்படை ஓய்வூதியம் கிடைக்கும். 2024ஆம் நிதியாண்டில் அது மாதம் 68,000 யென். அந்த வருடத்தின் மாதச் சந்தா 16,980 யென்.

கம்பனி ஊழியரின் வருமானத்தில் தங்கியிருக்கும் மனைவி தனியாகச் சந்தா கட்ட வேண்டியதில்லை. கட்டியதாகவே கணக்கில் எடுக்கப்படும். கணவனை அந்தக் கம்பனி வெளிநாட்டுக்கு அனுப்பி, அவனும் ஜப்பானியத் திட்டத்தில் தொடர்ந்து இருந்தால், கூடப் போகும் மனைவிக்கும் இந்தச் சலுகை தொடரும்.

ஆனால் வெளிநாட்டவரை மணந்தவளுக்கு? அல்லது கணவன் அந்தக் கம்பனியை விட்டு உள்ளூர்க் கம்பனியில் சேர்ந்துவிட்டால்? அன்றோடு சலுகை முடிந்தது. ஒரே தெருவில் குடியிருந்து, ஒரே கடையில் அரிசி வாங்கும் இரண்டு ஜப்பானியப் பெண்களில் ஒருத்திக்கு மாதாமாதம் பென்சன் வளர்கிறது. மற்றவளுக்கு அப்படியே நிற்கிறது.

நின்று போனவள் என்ன செய்யலாம்? ஜப்பானியக் குடியுரிமை உள்ளவர்கள் வெளிநாட்டில் இருந்தபடியே 65 வயது வரை சுயவிருப்பில் சேர்ந்து சந்தா கட்டலாம். ஜப்பானிலுள்ள தாய் தகப்பனோ சகோதரரோ இவர் சார்பில் கட்டலாம். ஜப்பானிய வங்கிக் கணக்கிலிருந்து கழிக்கவும் செய்யலாம்.

கணக்கொன்று பார்ப்போம். 20 வயதிலிருந்து 28 வயது வரை 8 வருடம் திட்டத்தில் இருந்து, பின்னர் மணமுடித்து அமெரிக்கா போன ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியம் பெற ஆகக் குறைந்தது 10 வருடம் வேண்டும். 2017 ஆகஸ்ட்டுக்கு முன் இது 25 வருடமாக இருந்தது. இவளிடம் இருப்பதோ 8 வருடம். எல்லாம் போய்விட்டதா? இல்லை. ஜப்பானியக் குடிமகளாக 20 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையில் வெளிநாட்டில் வாழ்ந்த காலம் 'கரா கிக்கான்', அதாவது வெற்றுக் காலம் என்று கணிக்கப்படும். தகுதி பெறுவதற்கு அந்தக் காலம் சேரும். தொகைக்குச் சேராது. ஆகவே இவளுக்குப் பென்சன் உண்டு. ஆனால் 40இல் 8, அதாவது ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. மாதம் 13,600 யென். வேலை பார்த்த காலத்துக்கான ஊழியர் ஓய்வூதியம் இருந்தால் அது தனியாகச் சேரும்.

அவள் ஒரு மாதச் சந்தா கட்டினால், 65க்குப் பின் வருடத்துக்குச் சுமார் 1,700 யென் பென்சன் கூடும். கட்டிய பணம் சுமார் 10 வருடத்தில் திரும்பி வந்துவிடும். மாதம் 400 யென் மேலதிகமாகக் கட்டினால், அதற்குக் கிடைக்கும் மேலதிகப் பென்சன் இரண்டே வருடத்தில் முதலைத் திருப்பிவிடும்.

பணம் மட்டுமல்ல, இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சுயவிருப்பில் சேராமல் வெளிநாட்டில் இருக்கும்போது நோய் வந்து, அங்கே முதன்முதலாக வைத்தியரிடம் காட்டி, பின் அந்த நோயால் ஊனமடைந்தால், ஜப்பானின் ஊனமுற்றோர் அடிப்படை ஓய்வூதியம் கிடைக்காது. இளம் வயதில் பென்சன் எதற்கு என்று தள்ளிப்போடுகிறவர்கள் இதை நினைப்பதில்லை.

இரு நாட்டுக் கணக்கு

வேலை பார்க்கும் நாட்டிலும் சந்தா, ஜப்பானிலும் சந்தா என்றால் யாரால் தாங்க முடியும்? இதற்காக ஜப்பான் 20க்கும் மேற்பட்ட நாடுகளுடன் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்திருக்கிறது. முதலாவது ஜெர்மனியுடன் 2000ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவுடன் 2005இல், இந்தியாவுடன் 2016இல். 5 வருடத்துக்குள் திரும்ப வேண்டியவராக அனுப்பப்படும் ஊழியர் பொதுவாக ஜப்பானில் மட்டும் கட்டினால் போதும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் இரு நாடுகளிலும் இருந்த காலத்தைக் கூட்டித் தகுதி பார்க்கவும் முடியும். அமெரிக்காவில் பென்சன் பெறச் சாதாரணமாக 10 வருட வேலை வேண்டும். 6 வருடம் மட்டும் வேலை பார்த்த ஜப்பானியப் பெண், தன் ஜப்பானியக் காலத்தைக் காட்டித் தகுதி பெற்று, அந்த 6 வருடத்துக்கான பங்கை வாங்கலாம். இங்கிலாந்து, தென்கொரியா, சீனா ஆகியவற்றுடனான ஒப்பந்தங்களில் இந்தக் கூட்டல் இல்லை.

அமெரிக்காவில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு பழைய மனக்குறையும் இருந்தது. ஜப்பானிய ஊழியர் ஓய்வூதியம் வாங்கினால் அமெரிக்க ஓய்வூதியத்தில் ஒரு பகுதி வெட்டப்பட்டு வந்தது. 2025 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் அந்த வெட்டை நீக்கியது.

உயிருடன் இருக்கிறேன் என்று ஒரு கடிதம்

பென்சன் தானாக வீடு தேடி வராது. விண்ணப்பிக்க வேண்டும். தாமதித்தால் 5 வருடத்துக்கு முந்திய நிலுவை காலாவதியாகிவிடும். கிடைக்கத் தொடங்கியபின், ஜப்பானில் இருப்பவரின் நிலையை அரசு பதிவேட்டிலேயே பார்த்துக்கொள்ளும். வெளிநாட்டில் இருப்பவரோ வருடந்தோறும் தான் உயிருடன் இருப்பதை அறிவிக்கும் படிவத்தைத் தன் பிறந்த மாத முடிவுக்குள் வதிவிடச் சான்றிதழுடன் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பணம் நிறுத்தி வைக்கப்படும். நம் நாட்டு அரச ஓய்வூதியக்காரர்கள் கிராம உத்தியோகத்தரிடம் போய் ஒப்பம் வாங்குவது உங்களுக்குத் தெரிந்ததுதானே! அதையே எண்பது வயதில், மொழி புரியாத தபால் கந்தோர்களைத் தாண்டிச் செய்வதாக நினைத்துப் பாருங்கள்.

பணத்தின் பெறுமதி வேறு ஆடிக்கொண்டே இருக்கிறது. 2012இல் ஒரு டொலருக்குச் சுமார் 80 யென். 2024 நடுப்பகுதியில் 160ஐயும் தாண்டியது. மாதம் 68,000 யென் என்பது முதல் கணக்கில் 850 டொலர். இரண்டாவது கணக்கில் 425 டொலர். யென்னில் ஒரு சதமும் குறையாமலே டொலரில் பாதி காணாமற் போய்விட்டது! ஆனால் அங்கே சம்பாதித்து ஜப்பானுக்குச் சந்தா கட்டுகிறவர்களுக்கு இதே மாற்றம் சந்தாவை மலிவாக்கியும் விட்டது.

பெற்றோர் விட்டுச் சென்ற வீடு

தாய் தகப்பன் காலமானபின் ஊரில் ஒரு வீடு மிஞ்சும். ஜப்பானில் 2023இல் எடுத்த கணக்கின்படி ஆளில்லாத வீடுகள் 90 இலட்சம். 2024 ஏப்ரல் முதல், வாரிசாகச் சொத்துக் கிடைத்ததை அறிந்து 3 வருடத்துக்குள் அதைத் தன் பெயரில் பதிய வேண்டும் என்பது கட்டாயம். தவறினால் 1 இலட்சம் யென் வரை தண்டம் விதிக்கலாம். முன்னர் முடிந்த மரணங்களுக்கும் இது பொருந்தும். வெளிநாட்டில் வாழும் மகளுக்குப் பதிவு செய்த முத்திரை இல்லை அல்லவா? அதற்குப் பதிலாகத் தூதரகத்தில் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டுச் சான்றிதழ் பெற வேண்டும். தூதரகம் பக்கத்து ஊரில் இல்லாதவர்களுக்கு அது ஒரு நாள் பயணம்.

வயதானபின் ஊர் திரும்பலாமா, அங்கேயே இருந்துவிடலாமா? பலரை உறங்கவிடாத கேள்வி இதுதான். திரும்பினால் மீண்டும் வதிவிடம் பதிந்து சுகாதாரக் காப்புறுதியில் சேரலாம். 2000ஆம் ஆண்டு தொடங்கிய முதியோர் பராமரிப்புக் காப்புறுதியிலும் இடமுண்டு. ஆனால் வாடகை வீட்டுக்குப் பிணை நிற்க ஆள் வேண்டும். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கடலுக்கு அப்பால் இருப்பார்கள். தங்கிவிட்டாலோ, முதுமையில் மறதி வரும்போது பின்னால் கற்ற மொழி முதலில் நழுவி, தாய்மொழி மட்டும் நாவில் நிற்பதும் உண்டு.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

சகோதரிகளே! இவ்வளவு ஏற்பாடுகள் உள்ள ஒரு செல்வந்த நாட்டுப் பெண்களுக்கே கடதாசி ஒன்று தவறினால் இத்தனை சிரமம். நம் வீடுகளிலிருந்து கணவனும் மகனும், ஏன், தாய்மாரும் கூட வெளிநாடு போயிருக்கிறார்கள். வளைகுடா நாடுகளின் ஓய்வூதியத் திட்டங்கள் பொதுவாக அந்நாட்டுக் குடிமக்களுக்கானவை. நம்மவர்களுக்கு முதுமைக்கென்று அங்கிருந்து மாதாமாதம் எதுவும் வரப்போவதில்லை. ஐரோப்பாவிலும் கனடாவிலும் வேலை பார்ப்பவர்களுக்கோ சந்தா இருக்கக்கூடும். ஆனால் வீட்டிலுள்ள பெண்ணுக்கு அதன் விபரம் தெரியாது.

ஆகவே அடுத்த முறை டெலிபோன் வரும்போது சுகம் விசாரித்தபின் நாலு விடயங்களையும் கேட்டு வையுங்கள். அங்கே உங்கள் பெயரில் ஓய்வூதியச் சந்தா கழிக்கப்படுகிறதா? அதன் இலக்கம் என்ன? உங்களுக்கு ஏதும் நடந்தால் மனைவிக்கு என்ன கிடைக்கும்? அதற்கு எத்தனை மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்? பதில்களை ஒரு கொப்பியில் எழுதி, பிறப்புச் சான்றிதழ்களும் கடவுச்சீட்டுப் பிரதிகளும் இருக்கும் இடத்திலேயே வைத்துவிடுங்கள். அந்தக் கொப்பி எங்கே இருக்கிறது என்பதை மூத்த பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள்.